ஒற்றைக்கை நங்கூரம்

கையில் ஒரு கருவி கிடைத்ததும் அந்த வேலையே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால் நான்தான் ஆயுள் தலைவர். மற்றவர்களாவது ஒரு ரம்பம், ஒரு உளி என்று சின்னதாக ஆரம்பித்திருப்பார்கள். நான் எடுத்த எடுப்பிலேயே நாலு பேர் தூக்குகிற மேசையில் ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். சட்டைப் பையில் பேனா, தலையில் எண்ணெய், உள்ளுக்குள் நிறைய நினைப்பு. ஒரு வெளிநாட்டுக் கப்பலில் கழித்துப் போட்ட தச்சு மேசை ஒன்று எங்கள் சரக்குக் கிட்டங்கியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. யாராவது கொண்டுபோய்த் தொலையுங்கள் என்றார் மேனேஜர். ஆபீசே அமைதியாக இருந்தபோது எழுந்து நின்ற ஒரே பிரகஸ்பதி நான்.

கைவண்டியில் ஏற்றி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் நுழையவில்லை. சந்து வழியாகக் கொல்லைப்புறம் கொண்டுபோய், வேறு இடம் இல்லாததால் கிணற்றடியில் போட்டோம். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிணறு பின்னால் வரும்.)

மேசையின் மேல்பலகை நாலு விரல் கனம். அதில் இரண்டு வரிசையாக வட்ட ஓட்டைகள். அந்த ஓட்டைகளைப் பார்க்கவே தெரு திரண்டு வந்தது. மைக்கூடு வைக்க என்றார் ஒருவர். அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மீன் கழுவ இதைவிட நல்ல பலகை கிடைக்காது, தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று முடிவு செய்தாள். எனக்கு மட்டும் உண்மை தெரியும். எங்கள் ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரு படப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். அந்த ஓட்டைகளில் கிளாம்பை இறக்கி, இழைக்க வேண்டிய பலகையை மேசையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்த் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டு இழைப்பார்கள். பெரிய பெரிய தோணிகளுக்கெல்லாம் அப்படித்தான் பலகை தயாரானது. அதைப் பார்த்து நான் உதட்டைச் சுழித்தேன் என்பதிலிருந்து அன்றைய என்னை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

மேசை வந்துவிட்டது. கிளாம்பு வேண்டுமே.

பெரிய கடைத் தெருவில் ஒரு இரும்புக் கடை அண்ணாச்சி திருகு கிளாம்பு ஒன்றை எடுத்துப் போட்டார். கனமான சாமான், திருகும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மேசையின் ஓரத்தைத்தான் கவ்வும், நடுவுக்கு எட்டாது. எனக்கு நடுவில் பிடிக்க வேண்டும். அதற்குத்தானே ஓட்டை? அடுத்து, ஓட்டையில் மர முளை அடித்து அதில் பலகையை முட்டுக் கொடுத்து இழைக்கலாம் என்று புத்தகம் சொன்னது. அது செலவில்லாதது, எளிமையானது, ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது படத்தில்தான் மனம் போய் ஒட்டிக்கொண்டது. வளைந்த கைத்தடி மாதிரி ஒரு இரும்பு. திருகு கிடையாது, மரை கிடையாது. காம்பை ஓட்டையில் விட்டு, வளைந்த முனையைப் பலகைமேல் வைத்து, தலையில் ஒரு தட்டு. காம்பு ஓட்டைக்குள் சாய்ந்து இறுகிக்கொள்ளும். பின்பக்கம் ஒரு தட்டு, விட்டுவிடும். இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள உரசல்தான் பிடிமானம். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். நானும் அப்படிச் சிரிக்க ஆசைப்பட்டேன்.

அப்படி இரும்பை வளைத்துக் கொடுக்க எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். சுடலைமுத்து ஆசாரி. வள்ளங்களுக்கு நங்கூரம் அடிக்கிறவர். பேரன் பேத்தி எடுத்தவர், வாயில் பாதிப் பல் இல்லை. இதுபோல இரண்டு கொக்கி வேண்டும் என்று நான் காகிதத்தில் வரைந்து கொண்டுபோனதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு கை எங்க?" என்று கேட்டார்.

"எந்தக் கை அண்ணாச்சி?"

"நங்கூரத்துக்கு ரெண்டு கையாவது வேணும்லா. ஒத்தக் கை வச்சா மண்ணுல எப்படிப் பிடிக்கும்?"

இது நங்கூரம் இல்லை, மேசையில் போடுகிறது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. அங்குலக் கணக்கு சொன்னபோது, கணக்கு வேண்டாம், ஓட்டைக்குச் சரியாக உள்ளே போகிற சாமான் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார். வீடு பூராவும் தேடினேன். கரண்டிக் காம்பு ஒல்லி, உலக்கை தடி. கடைசியில் கொல்லையில் நின்ற மரத்தில் ஒரு முருங்கைக்காய் கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பறித்துக்கொண்டுபோய் அளவாகக் கொடுத்தேன். (ஒரு கிளார்க் கையில் ஒற்றை முருங்கைக்காயோடு உலைக்களத்துக்குப் போனது தெருவில் பலருடைய கண்ணில் பட்டது.)

ஆசாரிக்கு நங்கூர வேலை குவிந்துகிடந்ததால் என் வேலை தள்ளிக்கொண்டே போனது. அவர் கையில் எடுத்த அன்று முருங்கைக்காய் காய்ந்து சுருங்கியிருந்தது. அந்த அளவுக்கே அடித்துவிட்டார். இரண்டு கொக்கிகளும் ஓட்டைக்குள் லொடலொடவென்று இறங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பலகையை வைத்துத் தட்டிப் பார்த்தேன். அப்படியே கவ்விக்கொண்டது! காம்பு கொஞ்சம் ஒல்லியாக இருந்தால்தான் சாய்ந்து இறுகும் என்று பிறகுதான் அந்தப் புத்தகத்திலேயே படித்தேன். அன்று மாலை முழுக்க, இதெல்லாம் நான் யோசித்துச் சொன்ன அளவு என்று தெருவுக்கு விளக்கினேன்.

ஒரே ஒரு குறை. காம்பின் அடிநுனியில், ஊசிக்குக் காது மாதிரி, ஆசாரி ஒரு துளை போட்டிருந்தார். கயிறு கோர்ப்பதற்காம். மேசையில் கிடக்கிற இரும்புக்குக் கயிறு எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணியில விழுந்தா எப்படி எடுப்பீக? காது இல்லாத இரும்ப நான் இதுவரைக்கும் யாரு கையிலயும் குடுத்ததில்ல தம்பி."

மேசைக்கு அடியில்தானே இருக்கப்போகிறது, யாருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிலோமியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் பாடினால் நான் பூசையில் உட்கார வேண்டிய இடத்தில் நிற்பேன், நிற்க வேண்டிய இடத்தில் உட்காருவேன். அவளுடைய அப்பா தோணித் தண்டல். கொழும்புக்கும் கொச்சிக்கும் பாய்த்தோணி ஓட்டுகிறவர். கரையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற மாப்பிள்ளை என்றால் அவருக்கு இளக்காரம். கையால் ஒரு வேலையும் தெரியாதவனுக்கு என் மகள் இல்லை என்று சொல்லிவிட்டார். இடையில் நின்று பேசிய ஞானம் மாமி விடுவாளா? பையன் தச்சு வேலையில் புலி, வீட்டிலேயே கப்பல் மேசை வைத்திருக்கிறான் என்று அளந்துவிட்டாள்.

அப்படியா, வந்து பார்க்கிறேன் என்றார் தண்டல். காற்றடி காலம், தோணிகள் கரையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாக ஏற்பாடு. மனதுக்குப் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் சாப்பிடுவார், இல்லையென்றால் பச்சைத் தண்ணீரில்கூடக் கை நனைக்க மாட்டார் என்று மாமி எச்சரித்துவிட்டுப் போனாள். அம்மா சீலா மீன் குழம்புக்குச் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எங்கள் தெருவில் எண்ணெய் போடாத இரும்பு என்றால் ஞானஸ்நானம் கொடுக்காத குழந்தை மாதிரி. உப்புக் காற்று ஒரே வாரத்தில் தின்றுவிடும். எல்லா வீட்டிலும் சுறா எண்ணெய்ப் போத்தல் ஒன்று தொங்கும். நான் இரண்டு கொக்கிகளையும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, காம்பு நிறையச் சுறா எண்ணெய் பூசினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர் முன்னால் சரளமாக இறங்கட்டும் என்று, குச்சியில் துணி சுற்றி, ஓட்டைகளுக்குள்ளேயும் பூசிவிட்டேன். உரசல்தான் பிடிமானம் என்று படித்த அதே மண்டைதான் இதையும் செய்தது.

தண்டல் வந்தார். கருத்த, உயரமான மனிதர். கக்கத்தில் துண்டு சுற்றிய ஒரு பெட்டி. நான் புது வேட்டியில் நின்றேன். அம்மா வைத்த காப்பியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்கு வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார், கொக்கியைத் தொட்டார், விரலை மோந்து பார்த்தார்.

"சுறா எண்ணெயா?"

"ஆமா மாமா." (மாமா என்று நான்பாட்டுக்கு முடிவு செய்துகொண்டேன்.)

"ம். இரும்ப வச்சுக்கத் தெரிஞ்ச கை" என்றார். சமையலறை ஜன்னலில் அம்மாவும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே தாலி கட்டின மாதிரி இருந்தது.

அவர் துண்டைப் பிரித்தார். திசைகாட்டிப் பெட்டி. அவருடைய அப்பா காலத்துச் சாமான். மூடி, பள்ளத்தில் இழுத்துத் திறக்கிற மாதிரியான ஒரு பலகை. ஒரு முனையில் இழுப்பதற்குப் பித்தளை வளையம். உப்புத் தண்ணீர் பட்டு மூடி உப்பிவிட்டது, வெளியே எடுத்தால் திரும்ப உள்ளே போகமாட்டேன் என்கிறது. இரண்டு ஓரத்திலும் ஒரு மயிரிழை எடுத்தால் போதும். இதுவரை எந்தத் தச்சர் கையிலும் கொடுத்ததில்லையாம்.

"நீங்க எடுங்க தம்பி, பாப்போம்."

மூடியை மேசையில் வைத்தேன். தழும்பு விழாமல் இருக்கப் பழைய செருப்புத் தோல் ஒரு துண்டு. அதன்மேல் கொக்கி. கொட்டாப்புளியால் ஒரு தட்டு. நெய்யில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆகா, என்ன சரளம் என்று நினைத்தேன். படத்து வெள்ளைக்காரர் மாதிரி சிரிக்கவும் செய்தேன். இழைப்புளியை எடுத்து மெதுவாக ஒரு இழைப்பு. சன்னமான கருப்புச் சுருள் ஒன்று வந்து விழுந்தது. தண்டல் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பில் நான் கெட்டேன். அடுத்த இழைப்பை ஒரு கப்பலையே தள்ளுகிற வேகத்தில் தள்ளினேன். கொக்கி துள்ளி எழுந்தது. மூடி என் கைக்குக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு புறப்பட்டு, மேசையைத் தாண்டி, கிணற்றுச் சுவரில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே போய்விட்டது. நான் இழைப்புளியோடு மேசைமேல் குப்புறக் கிடந்தேன். தொபுக்கென்று சத்தம் கேட்டது.

ஜன்னலில் மாமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான்தான் முதலில் வாய் திறந்தேன். "மரந்தானே மாமா, மிதக்கும்."

"மரந்தான். ஆனா கருங்காலி. மிதக்காது தம்பி."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். அந்த நிமிடம் எனக்குப் பிலோமி போய்விட்டாள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைவிட, அவர் மூடியில்லாத பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைத்தான் பார்க்க முடியவில்லை. பெண்ணைக் கொடுக்கிறாரோ இல்லையோ, அதை எடுத்துக் கொடுக்காமல் இந்த மனிதரை அனுப்பக்கூடாது என்று தோன்றியது.

கிணற்றில் எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. அடியில் பித்தளை வளையம் மினுக்கியது. வாளியை விட்டுப் பார்த்தேன், கலங்கியதுதான் மிச்சம். கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டி பக்கத்து வீட்டில் உண்டு, அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். திரும்பினால் மேசைமேல் அந்தக் கொக்கி. அதன் அடியில் ஆசாரி போட்ட காது.

கயிற்றைக் கோர்த்துத் தொங்கவிட்டபோதுதான் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கியதும் அது அசல் ஒற்றைக்கை நங்கூரமாகவே ஆகிவிட்டது. ஆசாரி என் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இறக்கினேன். கொக்கி வளையத்துக்குப் பக்கத்தில் போகும், உரசும், விலகும். தண்ணீர் கலங்கினால் தெளிகிறவரை காத்திருக்க வேண்டும். அம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் பாரேன் என்றாள். நான் நிமிரவே இல்லை. புது வேட்டி பாசி அப்பிப் பச்சையாகிவிட்டது. சற்று நேரம் நின்று பார்த்த தண்டல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் பக்கத்திலேயே சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்தார். இடப்பக்கம் ஒரு சாண் என்றார். கொஞ்சம் விட்டுக்கொடு என்றார். தண்ணீர் தெளியக் காத்திருக்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பார். ஆபீசில் என்ன வேலை, அப்பா எப்போது தவறினார், குடிப்பழக்கம் உண்டா. இரண்டு பேரும் கிணற்றுக்குள் பார்த்தபடியே பேசினோம். என்னைப் பெண் வீட்டார் விசாரித்தது இந்த லட்சணத்தில்தான். என் பதிலெல்லாம் கிணற்றுக்குள் போய் இரண்டு முறை கேட்டதால் பொய் சொல்லவும் வழியில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது கொக்கி வளையத்தில் மாட்டியது. இருவருமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். மூடி மேலே வந்தது. ஒரு மூலையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் அதைத் துண்டால் குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். பிறகு கொக்கியைக் கையில் எடுத்துத் தடவினார். விரலெல்லாம் எண்ணெய். மேசை ஓட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

"எண்ணெயாலதான் வழுக்கியிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும்லா நல்லாயிருக்குன்னு சொன்னேன்."

அவர் கொக்கியின் நுனியைத் திருப்பினார்.

"இந்தக் காது வச்சது யாரு யோசனை?"

இந்த இடத்தில் யோக்கியனாக இருந்தால் ஆசாரி பெயரைச் சொல்லியிருப்பான். நான் தலையைக் குனிந்து, அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள். சிரிக்க மட்டுமே செய்தேன்.

"மேசையில கெடக்குற இரும்புக்குக் கயிறு கோக்கக் காது வைக்கணும்னா, அது தண்ணிய அறிஞ்ச புத்தி" என்றார் தண்டல். வாளியில் தண்ணீர் மொண்டார். கையைக் கழுவினார். ஜன்னல் பக்கம் திரும்பி, "தாயி, சோறு எடுத்து வைங்க" என்றார்.

மாமி உள்ளே ஓடியதில் ஒரு செம்பு உருண்டது. அவர் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

கல்யாணத்துக்குச் சுடலைமுத்து ஆசாரிக்கும் சொல்லியிருந்தோம். விருந்துப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், யாரைச் சொல்ல, என் மாமனாரேதான். அவர் மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை விவரிக்க, ஆசாரி பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, அந்தக் காது எதற்கு என்றுதான் மாப்பிள்ளை கேட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். முருங்கைக்காய்க் கதையும் சேர்த்து.

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார். மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆசாரியின் பொக்கை வாயை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பம் எம்மவள ஆசாரிக்குல்லா குடுத்திருக்கணும்" என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண். அன்று ஆரம்பித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு நிற்கவில்லை.

மேசை அம்மா ஆசைப்பட்டபடியே மீன் கழுவும் பலகையாகிப் பல வருடம் உழைத்தது. ஒரு கொக்கி எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னொன்று கிணற்றடியில் கயிற்றோடு தொங்கியது. தெருவில் யார் வீட்டில் குடம் விழுந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மாமனார் கடலுக்குப் போவதை நிறுத்தியபோது திசைகாட்டிப் பெட்டியை எங்களிடம் கொடுத்தார். மாப்பிள்ளை தொடாத இடமாகப் பார்த்து வை என்று மகளிடம் சொல்லிக் கொடுத்தார்.

அதனால் அது பீரோவின் மேல் இருக்கிறது. மூடி இன்றைக்கும் முழுக்க உள்ளே போகாது, ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிலோமி தூசி தட்டும்போதெல்லாம் நான் கீழே நின்று, ஓரத்தில் ஒரு இழை எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்ப்பேன்.

"ஒண்ணும் வேண்டாம். நான் ஆசாரியக் கட்டியிருந்தா இது எப்பமே சரியாயிருக்கும்" என்பாள். அப்புறம் ஸ்டூலில் இருந்து இறங்கி, "வாங்க, கை நனைங்க" என்று சோறு போடப் போவாள்.